ஏதென்ஸின் மொனாஸ்டிராக்கி மெட்ரோ நிலையம்: ஒரு மதிப்பீடு

ஏதென்ஸ் மெட்ரோவின் வரைபடத்தில் பச்சைத் தடமும் நீலத் தடமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் மொனாஸ்டிராக்கி. பச்சைத் தடத்தின் நடைமேடைகள் 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டவை; நீலத் தடத்தின் நடைமேடைகள் 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தவை. தொன்மையான நகரம் ஒன்றின் நடுப்பகுதியைத் தோண்டி ரயில் விடுவதைப் பற்றி மனிதர்கள் அன்று எப்படி நினைத்தார்கள், அந்த நினைப்பு நூறு ஆண்டுகளில் எந்த அளவுக்கு மாறியது என்பதை, ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாறுகிற சில நிமிட நடையிலேயே கண்டுகொள்ள முடிகிற நிலையங்கள் மிகச் சில. அவற்றுள் இதை முதலிடத்தில் வைக்கத் தயங்க மாட்டேன்.

இப்படிப்பட்ட நிலையத்தை இரண்டு விதமாக மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. வண்டி மாற வருகிறவரை அது அலைக்கழிக்காமல் அனுப்பிவைக்கிறதா என்பது ஒன்று. தன்னைக் கட்டுவதற்காக எதைத் தோண்டினார்களோ அதற்கு அது என்ன மரியாதை செய்திருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மொனாஸ்டிராக்கி ஓரளவு நல்ல பதிலையே தருகிறது. இரண்டாவது கேள்விக்கு அதன் புதிய பாதி தருகிற பதில் மிகச் சிறந்தது. பழைய பாதியின் பதில் வருத்தமளிப்பது.

நிலையத்தின் வாயில் திறப்பது அதே பெயர் கொண்ட சதுக்கத்தில். வெளியே வந்து நின்றால் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே நான்கு காலகட்டங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 132-இல் எழுப்பிய நூலகத்தின் சுவர், சதுக்கத்தின் தரையைவிடத் தாழ்ந்து கிடக்கும் பைசாந்தியக் காலத்துப் பான்டனாசா தேவாலயம், ஒட்டோமான் ஆட்சியில் 1759-இல் கட்டப்பட்ட ட்சிஸ்டராக்கிஸ் மசூதி, இவற்றோடு 19-ஆம் நூற்றாண்டு ரயில் நிலையக் கட்டடம். எல்லாவற்றுக்கும் மேலே அக்ரோபோலிஸ் குன்று. பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்களும், எர்மூ தெருவின் கடைகளுக்குப் போகிறவர்களும், குன்றின் மேல் ஏறப் போகிறவர்களும் இதே வாயில் வழியாகத்தான் வெளியேறுகிறார்கள். ஆகவே நாளின் பெரும்பகுதியில் கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தையின் காரணமாக அது இன்னும் கூடிவிடும்.

பழைய பாதியிலிருந்து தொடங்குகிறேன். ஏதென்ஸையும் அதன் துறைமுகமான பிரேயஸையும் இணைக்கும் நீராவி ரயில் 1869-இல் ஓடத் தொடங்கியபோது அது நகர எல்லையிலிருந்த திசியோவோடு நின்றுவிட்டது. நகர நடுவிலுள்ள ஒமோனியா வரை அதை நீட்ட வேண்டும் என்று முடிவானபோது, பள்ளம் வெட்டித் தண்டவாளம் போட்டு, அதற்கப்பால் சுரங்கம் அமைத்தார்கள். அந்தப் பள்ளம் சென்ற பாதை பண்டைய அகோராவின் வடபகுதியின் ஊடாக அமைந்தது. ஏதென்ஸ் மக்கள் கூடிய, வணிகம் செய்த, வழக்காடிய, அரசியல் பேசிய திடல் அது. அன்றைய பொறியாளர்கள் அறியாமல் அதை வெட்டினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. வெட்டும்போதே பழங்காலச் சுவர்கள் வெளிப்பட்டன, அறிஞர்கள் வந்து குறிப்பெடுத்தார்கள், வேலை நிற்காமல் நடந்தது.

இழப்பின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டு போதும். பன்னிரு தெய்வங்களின் பலிபீடம் என்று அழைக்கப்பட்ட வழிபாட்டிடம் அகோராவின் வடபுறத்தில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. ஏதென்ஸிலிருந்து பிற ஊர்களுக்கான தொலைவுகள் இந்தப் பலிபீடத்திலிருந்தே அளக்கப்பட்டன; நகரத்தின் சாலைகளுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி அது. அந்த இடம் எது என்பது 1934-இல் அகழாய்வின்போது கிடைத்த கல்வெட்டால் உறுதியானது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அதன் ஒரு மூலை மட்டுமே இன்று வெளியே தெரிகிறது. எஞ்சிய பகுதி பச்சைத் தடத்தின் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறது. 2011-இல் தடத்தைப் புதுப்பிக்கும் பணியின்போது பலிபீடத்தின் பகுதிகள் மீண்டும் வெளிப்பட்டன. தடத்தை மாற்றியமைத்து அதை முழுமையாக மீட்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. நாள்தோறும் பெருந்திரளான மக்கள் நம்பியிருக்கும் ரயிலை அங்கிருந்து நகர்த்துவது எளிதன்று. பலிபீடம் மறுபடி மூடப்பட்டது. நிர்வாகத்தின் இக்கட்டு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த இடத்தைக் கடந்து ஒவ்வொரு முறை வண்டியில் செல்லும்போதும் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது.

மொனாஸ்டிராக்கியில் பச்சைத் தடத்தின் நடைமேடைகள் ஆழத்தில் இல்லை. பள்ளத்துக்குள் அமைந்த நிலையம் என்பதால், ஒமோனியாப் பக்கம் இருட்டான சுரங்கமாகவும் திசியோப் பக்கம் வானம் தெரியும் வெட்டவெளியாகவும் முடிகிறது. நடைமேடையில் நின்றபடி மேற்கே பார்த்தால் வெளிச்சம் வருவது தெரியும். அடித்தள ரயில்களில் அரிதாகக் கிடைக்கும் வசதி இது. நாம் நகரத்தின் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறோம் என்பதைப் பலகை பார்க்காமலேயே சொல்லிவிடலாம். பிரேயஸ் நோக்கிச் செல்லும் வண்டியில் இடப்பக்கச் சன்னலோரம் இடம் கிடைத்தால், திசியோ வந்து சேரும் முன்னர் அகோராவின் கற்களையும் சுவர்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். அகோராவைச் சுற்றிப் பார்க்க அட்ரியானூ தெருப் பக்கமாக வருகிறவர்கள், இதே தண்டவாளத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். தொன்மையான திடல் ஒன்றுக்குள் நுழையும் வழியில் காலுக்குக் கீழே ரயில் தடதடத்துக்கொண்டு ஓடுவது, 19-ஆம் நூற்றாண்டு எடுத்த முடிவின் விலையை யாரும் விளக்காமலேயே உணர்த்திவிடுகிறது.

நீலத் தடத்தின் கதை நேர்மாறானது. ஏதென்ஸில் புதிய மெட்ரோவுக்கான பணிகள் 1990-களில் நடந்தபோது, நிலையங்களும் காற்றுப்போக்குக் குழிகளும் அமையவிருந்த இடங்களில் தொல்லியலாளர்களே முதலில் இறங்கினார்கள். சுரங்கம் பெரும்பாலும் பழங்கால மண்ணடுக்குகளுக்கு வெகு கீழே, பாறையைக் குடைந்து செல்வது. அதனால் தொன்மைக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் நிலையம் என்பது கீழேயுள்ள நடைமேடையிலிருந்து மேலேயுள்ள தெரு வரை எல்லா அடுக்குகளையும் ஊடுருவியே தீர வேண்டியது. எனவே சிக்கல் முழுவதும் நிலையங்களில்தான். ஏறத்தாழ 79,000 சதுர மீட்டர் பரப்பு இந்தப் பணிகளுக்காக அகழப்பட்டது. கிடைத்த பொருள்கள் 50,000-க்கும் மேற்பட்டவை. ஏதென்ஸ் நகரத்துக்குள் அதுவரை நடந்த அகழாய்வுகளிலேயே பெரியது இது என்பதைக் கணக்கில் கொண்டால், ரயில் திட்டமே நகரத்தின் மாபெரும் தொல்லியல் திட்டமாகவும் மாறிவிட்டது புரியும்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. புதிய தடங்களின் முதல் பகுதிகள் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டபோது நீலத் தடம் சின்டக்மா வரைதான் ஓடியது. அங்கிருந்து ஒரே ஒரு நிலையம் தள்ளியிருக்கும் மொனாஸ்டிராக்கிக்கு வந்து சேர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கப்பால், பண்டைய இடுகாடான கெராமிகோஸ் தொல்லியல் தலத்தின் ஓரமாக அமையவிருந்த நிலையம் கைவிடப்பட்டது. அகழ்ந்தபோது அங்கே கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸைச் சூறையாடிய கொள்ளைநோயில் மாண்டவர்களுடையது என்று கருதப்படும் கூட்டுக் கல்லறை வெளிப்பட்டிருந்தது. தடத்தை வளைத்து, சற்றுத் தள்ளியிருக்கும் காஸி (Gazi) என்ற பகுதியில் நிலையம் கட்டி, 2007-இல் திறந்தார்கள். 1890-களில் அகோராவையே வெட்டிக்கொண்டு நேராகப் போன நகரம், நூறு ஆண்டுகள் கழித்து ஓர் இடுகாட்டுக்காகப் பாதையை வளைத்தது. தாமதத்தைக் குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாமதத்தால் என்ன மிஞ்சியது என்பதை மொனாஸ்டிராக்கியில் நேரில் பார்த்தபின் அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கே மிஞ்சியது ஓர் ஆறு. லிகபெட்டஸ் குன்றின் சரிவில் பிறந்து, பழைய நகரத்தின் ஊடாக ஓடி, கெராமிகோஸில் புனித வாயிலை ஒட்டி வெளியேறிய எரிடானோஸ் அது. ஆறு என்று சொல்வதற்கு அகலம் போதாது. பெரிய ஓடை எனலாம். நகரம் பெருகப் பெருக அது வாய்க்காலாக ஒடுக்கப்பட்டு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியர்களால் வளைவுக் கூரை கட்டி மூடப்பட்டு, கழிவுநீர் போகும் வழியாகிவிட்டது. காலப்போக்கில் அதன்மேல் வீடுகளும் தெருக்களும் எழுந்தன. நிலையத்துக்காகத் தோண்டியபோது அதன் நீர் வேலையிடத்துக்குள் புகுந்து பொறியாளர்களுக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. மற்றோர் ஊரில் இதைக் குழாயில் திருப்பிவிட்டு மேலே கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள். இங்கே ஆற்றுப்படுகையையும் அதன் வளைவுக் கூரையையும் அதைச் சூழ்ந்திருந்த கட்டடங்களின் எச்சங்களையும் இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, அதைச் சுற்றி நிலையத்தைக் கட்டினார்கள்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்றால், பயணிகள் நடக்கும் வழியின் ஓரத்தில் தடுப்புக்கு அப்பால் தரை திடீரென்று கீழிறங்கிவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு சுவர் பெரிய கற்களால் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும்; அதன் தலையில், கையில் கிடைத்த உடைகற்களையும் செங்கல் துண்டுகளையும் சேர்த்துப் பூசிய பிற்காலச் சுவர் குறுக்காக ஏறி நிற்கும். முன்னவன் கட்டியதைப் பின்னவன் இடிக்காமல் அடித்தளமாக்கிக்கொண்டது அப்படியே தெரிகிறது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை இங்கே மக்கள் விடாமல் குடியிருந்ததற்கான தடயங்கள் இந்தச் சிறு இடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றின் நடுவே செங்கல் வளைவு. அதன் வாய்க்குள் குனிந்து பார்த்தால் அடியில் நீரின் மினுமினுப்பு. கூட்டம் குறைந்த நேரமாக இருந்தால் அதன் சலசலப்பும் காதில் விழும். நிலையத்தின் பளிங்குத் தரைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஈர மண்ணின் வாசனை வருவதை நான் வேறெந்த மெட்ரோவிலும் உணர்ந்ததில்லை.

இந்தக் காட்சியை இவ்வளவு உயர்வாகச் சொல்வதற்குக் காரணம், அது வைக்கப்பட்டிருக்கும் விதம். தனி அறை இல்லை, தனிச் சீட்டு இல்லை, திறக்கும் நேரம் மூடும் நேரம் இல்லை. அலுவலகத்துக்கு ஓடுகிறவர் ஒரு கணம் தலையைத் திருப்பினால் போதும். சதுக்கத்தின் தரையிலும் ஒரு திறப்பு விட்டிருப்பதால், வண்டி ஏறவே எண்ணமில்லாதவர்கூடக் கம்பித் தடுப்பில் சாய்ந்து மேலிருந்து பார்க்கலாம். அதே திறப்பு வழியே பகல் வெளிச்சம் பள்ளத்துக்குள் இறங்குகிறது. கண்டெடுத்த பொருளை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டு இங்கே ஒரு புகைப்படத்தை மாட்டியிருந்தால், அது ஏதென்ஸின் ஏராளமான பழம்பொருள்களில் மேலும் ஒன்றாகியிருக்கும். ஆறு ஓடிய இடத்திலேயே ஆற்றைப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

அடுத்த நிலையமான சின்டக்மாவோடு இதை ஒப்பிடுவது இயல்பு. சிவப்புத் தடமும் நீலத் தடமும் சந்திக்கும் அந்நிலையம், நாடாளுமன்றத்துக்கு எதிரே, மொனாஸ்டிராக்கியைவிடப் பெரியதாகவும் ஒழுங்காகவும் அமைந்தது. அங்கே அகழ்ந்தபோது ரோமானியக் குளியல் கூடம், வெண்கல வார்ப்புப் பட்டறைகள், கல்லறைகள், பழைய நீர்க்கால்வாயின் பகுதி, நகரத்திலிருந்து வெளியே சென்ற நெடுஞ்சாலை ஒன்று, இதே எரிடானோஸின் படுகை என எத்தனையோ வெளிப்பட்டன. மண்ணடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டும் நீண்ட சுவர் அங்குள்ள சிறப்பு; காலவரிசையைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவரை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். விளக்கமும் அங்கே தெளிவு. ஆனால் அது காட்சிக்கென வடிவமைக்கப்பட்ட சுவர் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிவப்புத் தடத்தில் அதற்கு அடுத்ததாக வரும் அக்ரோபோலி நிலையத்தில் பார்த்தெனான் கோயில் சிற்பங்களின் நகல்களை வைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கின்றன, ஆனால் அவை நகல்கள். மூன்றையும் பார்த்தவர்கள் மொனாஸ்டிராக்கியை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இனி, வண்டி மாறும் இடமாக அது எப்படி என்பதற்கு வருகிறேன். நீலத் தடம் ஆழத்தில் ஓடுகிறது, பச்சைத் தடம் தரையை ஒட்டி ஓடுகிறது. எனவே மாறுவது என்றால் முக்கியமாக ஏறுவது அல்லது இறங்குவது. நகரும் படிக்கட்டுகளும் மின்தூக்கிகளும் உண்டு. திசைப் பலகைகள் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, தடத்தின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழி தவற வாய்ப்புக் குறைவு. கீழிருந்து மேலே வரும்போது நிலையத்தின் குணமே மாறுவதைக் கவனிக்கலாம். நீலத் தடத்தில் அகலமான, வெளிச்சமான, பளபளக்கும் பளிங்குப் பரப்பு. உணவும் பானமும் உள்ளே தடை செய்யப்பட்டிருப்பதாலோ என்னவோ, தரை துப்புரவாக இருக்கிறது. பச்சைத் தடத்துக்கு வந்தால் ஒடுங்கிய பழைய நடைமேடை, வெளிப்புறம் முழுவதும் வண்ணக் கிறுக்கல்களோடு வந்து நிற்கும் வண்டிகள். இந்த இறக்கத்துக்கு நடைமேடையின் வயதைக் காரணம் காட்டலாம்; வண்டிகளின் நிலைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. 1904-லேயே நீராவியை விட்டு மின்சாரத்துக்கு மாறிய தடத்துக்கு, பிரேயஸிலிருந்து கிஃபிசியா வரை 25.6 கிலோமீட்டர் தூரம் நகரத்தின் முதுகெலும்பாக ஓடும் தடத்துக்கு, இதைவிட நல்ல பராமரிப்பு கிடைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நிலையத்தின் அளவு அன்றைய ஏதென்ஸுக்கு ஏற்றது. இரண்டு தடங்களின் பயணிகளோடு சுற்றுலாக் கூட்டமும் சேரும்போது, பச்சைத் தடத்தின் நடைமேடையிலும் அதற்கு ஏறும் படிகளிலும் நெரிசல் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. தொன்மைச் சின்னங்கள் சூழ்ந்த இடத்தில் அகலப்படுத்துவதற்கு இடமில்லை என்பதை ஏற்றுக்கொண்டே இதைச் சொல்கிறேன். நெரிசலோடு சேர்ந்து வருவது கைவரிசை. நகர நடுவிலுள்ள நிலையங்களிலும் விமான நிலைய வண்டிகளிலும் பணப்பை, கைப்பேசி திருடு போவது ஏதென்ஸ் பயணிகள் அனைவரும் அறிந்த செய்தி. வண்டியின் கதவு மூடும் நேரத்தில் வாசலருகே தள்ளுமுள்ளு ஏற்பட்டால் பையை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வது நல்லது. கழிப்பறையை நம்பி இறங்க வேண்டாம் என்பதையும் முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பயணத் திட்டம் போடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான மாற்றம் ஒன்று 2022-இல் நிகழ்ந்தது. அதுவரை விமான நிலையத்திலிருந்து தீவுகளுக்குக் கப்பல் பிடிக்கப் போகிறவர்கள் நீலத் தடத்தில் மொனாஸ்டிராக்கி வரை வந்து, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பச்சைத் தடத்துக்கு ஏறி, பிரேயஸுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நீலத் தடமே பிரேயஸ் வரை நீட்டப்பட்டது. விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இப்போது ஒரே வண்டியில் போகலாம், இங்கே மாற வேண்டிய தேவையே இல்லை. பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் படித்துவிட்டு இன்றும் இங்கே இறங்கிப் பெட்டியோடு படியேறுகிறவர்களைக் காண முடிகிறது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருந்தால் துறைமுகம் தானாக வந்திருக்கும். நிலையத்துக்கும் இது நல்லதே. பெரிய பெட்டிகளை இழுத்துச் செல்வோரின் சுமை குறைந்து, உண்மையில் இந்த வட்டாரத்துக்கு வருகிறவர்களுக்கும் ஒமோனியா, கிஃபிசியா பக்கம் போகிறவர்களுக்கும் உரிய நிலையமாக அது மெல்ல மாறிவருகிறது.

கட்டணத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. 1.20 யூரோ சீட்டு 90 நிமிடங்களுக்குச் செல்லும். அந்த நேரத்துக்குள் மெட்ரோ, பேருந்து, டிராம் என்று எதில் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். நாள் முழுதும் சுற்றுகிறவர்களுக்கு 4.10 யூரோவில் 24 மணி நேரச் சீட்டு இருக்கிறது. விமான நிலையத்துக்கு மட்டும் தனிச் சீட்டு, 9 யூரோ. சாதாரணச் சீட்டோடு அங்கே போய் இறங்கினால் அபராதம் நிச்சயம். நீலத் தடத்தில் வரும் எல்லா வண்டிகளும் விமான நிலையம் வரை போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பல வண்டிகள் டூக்கிசிஸ் பிளகென்டியாஸ் நிலையத்தோடு திரும்பிவிடும். விமான நிலைய வண்டிகளுக்கு இடையே அரை மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி இருக்கக்கூடும். நடைமேடைக்கு இறங்கியதும் மின்பலகையில் சேருமிடத்தைப் பார்த்துவிட்டு ஏறுவதே பாதுகாப்பு. அக்ரோபோலிஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நடக்க முடிந்தவர்கள் இங்கே இறங்கி பிளாக்கா சந்துகள் வழியாக ஏறலாம், ஏற்றம் கடினம் என்பவர்கள் சின்டக்மாவில் சிவப்புத் தடத்துக்கு மாறி அக்ரோபோலி நிலையத்தில் இறங்குவது நலம்.

என் மனத்தாங்கல் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆற்றையும் சுவர்களையும் இருந்த இடத்திலேயே காப்பாற்றியவர்கள், அவற்றை விளக்குவதில் அதே அக்கறையைக் காட்டவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சுவர்களில் எது எந்தக் காலத்தது என்பதைப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே புரிந்துகொள்ளும்படி, தடுப்பின் மேலேயே படம் வரைந்து நிறம் பிரித்துக் காட்டியிருக்கலாம். ஒரு நிமிடம் நிற்கிறவருக்குப் புரிகிற விளக்கம் வேண்டும். கட்டுரை அளவுக்கு எழுதி வைத்தால் வண்டி பிடிக்கப் போகிறவர் படிக்க மாட்டார். எத்தனையோ பேர் அந்தப் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியில் ஓடுவது ஆறு என்று அறியாமலேயே நகரும் படிக்கட்டில் ஏறிவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமாக, பச்சைத் தடத்தின் கதையும் இங்கே சொல்லப்பட வேண்டும். தான் எதைக் காப்பாற்றியது என்பதைப் பெருமையோடு காட்டுகிற நிலையம், தன் மூத்த தடம் எதை வெட்டிச் சென்றது என்பதையும் அதே அளவு வெளிச்சத்தில் காட்டினால் அதன் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. பிரேயஸ் நோக்கிய நடைமேடையில், வண்டிக்காகக் காத்திருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி, அகோராவின் வரைபடத்தின்மேல் தண்டவாளத்தின் பாதையை வரைந்து, பன்னிரு தெய்வங்களின் பலிபீடம் எங்கே புதைந்திருக்கிறது என்று ஒரு புள்ளி வைத்தால் போதும். அடுத்த நிலையத்துக்குள் பயணி அந்த இடத்தைக் கடந்துவிடுவார். எதைக் கடக்கிறோம் என்று தெரிந்தே கடப்பார். மொனாஸ்டிராக்கிக்கு முழு மதிப்பெண் தராமல் நான் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு பலகைக்காகத்தான்.